ஓரசுண்ட் பாலம்: காரிலா, ரயிலிலா, கரையில் நின்றா?

மரைன்டிரைவ் காற்று:
எல்லாருக்கும் வணக்கம். வருகிற ஆடியில் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு டென்மார்க் போகிறேன், அக்கா குடும்பம் ஹேர்னிங் பக்கம் இருக்கிறது. அத்தான் கொப்பன்ஹேகனுக்கும் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு தூரம் போனால், இரண்டு நாட்டுக்கும் நடுவே ஓரசுண்ட் நீரிணைக்கு மேலே போகிற பாலத்தைக் கடந்து சுவீடனிலும் ஒரு தரம் காலை வைத்துவிட்டு வரவேண்டும் என்று அப்பா நிற்கிறார். அவர் வீதி, மதகு, பாலம் என்று கொந்தராத்து வேலை செய்து தலை நரைத்தவர், வெள்ளவத்தை வாய்க்கால் பாலத்தில் நடந்தாலும் கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்க்காமல் வரமாட்டார்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். காரில் போவது நல்லதா, ரயிலா? நடுவில் நிறுத்திப் பார்க்க முடியுமா, நடந்து போகலாமா? டென்மார்க் விசாவோடு சுவீடனுக்குள் போவதில் பிரச்சினை வருமா?

சந்தேகப்பேர்வழி:
பாலம் பார்க்க ஐரோப்பாவுக்கா? கட்டுநாயக்கா போகிற வழியில் களனி ஆற்றுக்கு மேலேயே கேபிள் பாலம் இருக்கிறது, இரவில் கலர் கலராக லைட்டும் போடுகிறார்கள். விசாவும் வேண்டாம்.

ஹேர்னிங் அக்கா:
தம்பி, நான் கொட்டாஞ்சேனைப் பிள்ளைதான், கலியாணம் கட்டி இங்கே வந்து தலைமுறை ஒன்று போய்விட்டது. நேரே சொல்கிறேன். பாலத்தில் நிறுத்த முடியாது, நடக்க முடியாது, சைக்கிளும் ஓட முடியாது. 110 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஹேர்னிங்கில் இருந்து காரில் வருவதென்றால் வழியில் டென்மார்க்குக்குள்ளேயே ஸ்டோரபெல்ட் நீரிணைக்கு மேலே ஒரு பாலம் வரும், அதற்கும் காசு. பிறகு ஓரசுண்டுக்குக் காசு, கார் ஒன்றுக்கு ஒரு வழிக்கே 50 யூரோவுக்கு மேல். திரும்பி வரும்போது இரண்டுக்கும் இன்னொரு தரம். உங்கள் அத்தான் வெட்கத்துக்குச் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன், மனுசனைக் கடனாளி ஆக்காதீர்கள். கொப்பன்ஹேகன் மட்டும் காரில் வாருங்கள், அங்கே காரை விட்டுவிட்டு ரயிலில் ஏறுங்கள். சுவீடன் கரையில் உள்ள மால்மோவுக்கு 40 நிமிடம் அளவில் ஆகும், ரயிலும் அடிக்கடி இருக்கிறது.

விசா ஷெங்கன்தானே, இரண்டு நாட்டுக்கும் செல்லும். ஆனால் கடவுச்சீட்டை ஹேர்னிங்கில் வைத்துவிட்டு வரவேண்டாம். 2015 கடைசியில் இருந்து சுவீடன் எல்லைச் சோதனையை மறுபடி கொண்டுவந்தது, கடலைத் தாண்டின கையோடு ஹில்லி நிலையத்தில் பொலிஸ் ஏறிப் பார்க்கும். எங்களுடைய நிறத்துக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும், அதைப் பெரிதாக எடுக்காமல் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு இருங்கள்.

கொங்கிறீட் தம்பி:
சந்தேகம் அண்ணை, களனியில் உள்ள புதுப் பாலமும் கேபிள் பாலம்தான், ஆனால் அது வேறு ஜாதி. அது 2021 நவம்பரில் திறந்தது, 380 மீற்றர். அந்த வகைக்கு எக்ஸ்ட்ராடோஸ்ட் என்று பெயர். தூண் குட்டையாக இருக்கும், கேபிள் மிகவும் சரிந்து படுத்த மாதிரி வரும். அதிலே சுமையில் பெரும் பங்கைத் தளமே தாங்குகிறது, கேபிள் அதை இறுக்கிப் பிடித்து உதவி செய்கிறது. ஓரசுண்டில் தூண்கள் 204 மீற்றர் உயரம், தாமரைக் கோபுரத்தில் பாதிக்கு மேல், தூணுக்கும் தூணுக்கும் நடுவே 490 மீற்றர் தூரத்துக்குக் கீழே ஒரு தாங்கலும் கிடையாது. தளத்தைக் கேபிள்கள்தான் தூக்கி வைத்திருக்கின்றன.

வேலை செய்யும் விதம் தராசு மாதிரி. தூணின் இந்தப் பக்கம் ஒரு கேபிள் இழுத்தால் அந்தப் பக்கமும் ஒன்று அதே அளவு இழுக்கும், தூண் சாயாது, பாரம் நேரே அடியில் இறங்கும். இழுவையின் கிடைப் பங்கு தளத்தையே நீளவாக்கில் நெரிக்கும். அதனால்தான் தொங்கு பாலத்துக்குத் தேவைப்படுகிற மாதிரி இரண்டு கரையிலும் மலை போல நங்கூரக் கட்டைகள் இதற்கு வேண்டாம்.

உங்கள் அப்பாவிடம் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்கச் சொல்லுங்கள். ஸ்டோரபெல்ட் கிழக்குப் பாலம் தொங்கு பாலம், நடு இடைவெளி மட்டும் 1624 மீற்றர், 1998இல் திறந்தது. அதன் மேல் ரயில் போகாது. அந்த இடத்தில் ரயிலைக் கடலுக்கு அடியில் சுரங்கத்தால் கொண்டுபோனார்கள். ஓரசுண்டில் மேல்தட்டில் நாலு வழி வீதி, கீழ்த்தட்டில் இரட்டைத் தண்டவாளம். பாரமான ரயில் ஓடும்போது தளம் அதிகம் வளையக்கூடாது, அதற்குத் தொங்கு பாலத்தை விட இந்த நேர் கேபிள் வகை விறைப்பானது, அதோடு தளமே உருக்குச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக அடுக்கிச் செய்த ஆழமான கூடு. ஒரே பயணத்தில் இரண்டு வகையையும் பார்க்கலாம், சும்மா கிடைக்குமா?

தெஹிவளை டீச்சர்:
நான் ரயிலில் போயிருக்கிறேன். உள்ளதைச் சொன்னால், பாலத்தின் மேல் போகும்போது பாலம் தெரியாது! அது பலருக்குப் பெரிய ஏமாற்றம். ரயில் கீழ்த்தட்டில் போவதால் யன்னலுக்கு வெளியே சாய்வான உருக்குச் சட்டங்கள் பட் பட் என்று ஓடிக்கொண்டே இருக்கும், அதற்கு இடையில் கடல். கேபிளையும் தூணையும் தலையை எவ்வளவு வளைத்தாலும் பார்க்க முடியாது. என்னோடு வந்த அம்மா "எங்கே பிள்ளை பாலம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், அதற்குள் சுவீடன் வந்துவிட்டது.

ஆனால் அதற்கு முன் நடக்கிறதுதான் எனக்குப் பிடித்தது. கொப்பன்ஹேகன் விமானநிலையம் தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும், கடலுக்கு அடியில் 4 கிலோமீற்றர். பிறகு வெளிச்சம் வரும்போது கடலின் நடுவில் ஒரு தீவில் ஓடிக்கொண்டிருப்போம். பெபர்ஹோல்ம், ஆட்கள் கட்டிய தீவு, அதுவும் 4 கிலோமீற்றர் நீளம். யாரும் அங்கே குடியில்லை, இறங்கவும் விடமாட்டார்கள், பறவைக்கும் செடிக்கும் என்று விட்டுவிட்டார்கள். தீவு முடிந்த இடத்தில்தான் பாலம் தொடங்கும், ஏறக்குறைய 8 கிலோமீற்றர். ஆக மொத்தம் சுரங்கம், தீவு, பாலம் என்று 16 கிலோமீற்றர்.

போகும்போது வலப்பக்கம் இருந்தால் தெற்கே கடலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது தெரியும், லில்கிரண்ட் என்று 48 ஆலைகள். இடப்பக்கம் இருந்தால் மால்மோவில் உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்கிற அந்த 190 மீற்றர் வெள்ளைக் கட்டடம் தூரத்தில் வரும்.

சந்தேகப்பேர்வழி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். பாதியைப் பாலமாகவும் பாதியைச் சுரங்கமாகவும் ஏன் கட்டவேண்டும்? காசு மிஞ்சிப்போச்சா? சண்டை வந்து யாராவது பாலத்துக்குக் குண்டு போட்டால் போர்க்கப்பல் வெளியே போக வழி வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள் என்று எங்கோ வாசித்தேன்.

கடலோடி கொழும்பு 15:
தம்பி, நான் கப்பலில் இருந்து இளைப்பாறியவன், அந்தப் பக்கம் பல தரம் போயிருக்கிறேன். காரணம் அவ்வளவு ரகசியம் இல்லை. கொப்பன்ஹேகன் விமானநிலையம் கடற்கரையோடு ஒட்டி இருக்கிறது. டென்மார்க் பக்கத்தில் உள்ள கப்பல் வாய்க்காலுக்கு மேலே கப்பல் நுழையும் உயரத்துக்குப் பாலம் கட்டினால் தூண்கள் விமானம் இறங்குகிற பாதையில் போய் நிற்கும். அதனால் அந்தப் பக்கம் சுரங்கம். சுவீடன் பக்கத்து வாய்க்காலுக்கு மேலேதான் உயரப் பாலம், தண்ணீரில் இருந்து 57 மீற்றர்.

இன்னொன்று, பெரிய கப்பல்கள் ஓரசுண்டால் போவதே இல்லை. அந்த இடத்தில் கடல் சுமார் 8 மீற்றர் ஆழம்தான், பாரம் ஏற்றிய பெரிய கப்பல் தட்டிவிடும். நாங்கள் ஸ்டோரபெல்டால்தான் பால்டிக் கடலுக்குள் போவோம். அந்தத் தொங்கு பாலத்துக்குக் கீழே இரவில் போகும்போது பாலத்தில் இருந்து நாங்களும் ஒரு வெளிச்சப் புள்ளியாகத்தான் தெரிந்திருப்போம், ஆனால் கப்பலில் இருந்து பார்த்தால் கொடிமரம் முட்டப்போகிறது என்றே தோன்றும். கணக்குப் பார்த்துத்தான் விடுகிறார்கள் என்று தெரிந்தும் மேலே பார்க்காமல் நின்ற ஆள் ஒருவர்கூட இல்லை.

கொங்கிறீட் தம்பி:
அண்ணை சொன்னது சரி. அந்தச் சுரங்கம் குடைந்த சுரங்கம் இல்லை, மூழ்கடித்த சுரங்கம். 176 மீற்றர் நீளமான கொங்கிறீட் பெட்டிகளைக் கரையில் வார்த்து, இரண்டு முனையையும் அடைத்து மிதக்கவிட்டு இழுத்துவந்து, கடலடியில் வெட்டிய அகழியில் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மொத்தம் 20 பெட்டி, ஒன்று 55,000 தொன். அகழியில் வெட்டி எடுத்த மண்ணையும் கல்லையும் கொண்டுபோய்க் கொட்டித்தான் அந்தத் தீவின் பெரும் பகுதி உருவானது. பாலத்தின் அணுகு பகுதித் தளத்தை ஸ்பெயினில் காடிஸ் நகரத்தில் செய்து கடல் வழியாகக் கொண்டுவந்தார்கள், ஸ்வானன் என்ற மிதக்கும் பாரந்தூக்கி தூக்கித் தூணில் வைத்தது.

வேலை 1995இல் தொடங்கியது. கடலடியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெடிக்காத குண்டுகள் 16 அகப்பட்டன, ஒரு சுரங்கப் பெட்டி கோணலாகப் போய் அதைச் சரிசெய்யவும் நாள் போனது. அவ்வளவும் நடந்தும் சொன்ன தேதிக்கு மூன்று மாதம் முந்தியே முடித்து 2000 ஜூலை 1 திறந்தார்கள். நம்முடைய ஊரில் ஒரு மேம்பாலம் முடிகிற கதையை நான் சொல்லத் தேவையில்லை.

பம்பலப்பிட்டி ராசா:
இதை எல்லாம் வாசிக்கும்போது வயிறு எரிகிறது. 16 கிலோமீற்றர் கடலை அவர்கள் 5 வருடத்தில் இணைத்துவிட்டார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே எவ்வளவு தூரம்? 30 கிலோமீற்றர் வரும், அதிலும் பல இடத்தில் ஆள் நின்று நடக்கலாம். 1914இல் பாம்பன் பாலம் போட்டதே கொழும்பில் ஏறினவன் சென்னை மட்டும் போகத்தான். கோட்டையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில். என் அப்பப்பா அந்த வழியால் போய்த்தான் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு வந்தார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனதோடு அந்த வழி போய்விட்டது. பிறகு ராமேஸ்வரத்துக்கு ஓடின கப்பலும் போர் தொடங்கின காலத்தில் நின்றது. 2023இல் ரணிலும் மோடியும் தரைவழி இணைப்புக்கு ஆய்வு செய்வோம் என்றார்கள், அதற்குப் பிறகு ஒரு தூணைக்கூடக் காணவில்லை.

சந்தேகப்பேர்வழி:
யார் காசில்? அதையும் சொல்லுங்கள் ராசா.

கொங்கிறீட் தம்பி:
ராசா அண்ணை, தொழில்நுட்பம் தடை இல்லை. கடல் அவ்வளவு ஆழம் குறைவு என்றால் இந்த மாதிரி உயரமான கேபிள் பாலமே தேவையில்லை, கப்பல் போகிற ஓர் இடத்தைத் தவிர மிச்சம் எல்லாம் வரிசையாகத் தூண் நட்டுத் தாழ்வாகக் கட்டிவிடலாம். ரயிலுக்கும் எங்களிடம் ஒரு வசதி இருக்கிறது, இலங்கையிலும் இந்தியாவிலும் தண்டவாள அகலம் ஒன்றே, 1676 மில்லிமீற்றர். டென்மார்க்கும் சுவீடனும் அகலத்தில் ஒன்று, மற்ற எதிலும் ஒன்று இல்லை. டென்மார்க்கில் 25 கிலோவோல்ட், சுவீடனில் 15, அலைவெண்ணும் வேறு, சிக்னலும் வேறு. டென்மார்க்கில் ரயில் வலப்பக்கம் ஓடும், சுவீடனில் இடப்பக்கம். சுவீடன்காரர் 1967இல் வீதியை இடமிருந்து வலத்துக்கு மாற்றினார்கள், ரயிலை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு மின்சாரத்திலும் ஓடுகிற ரயிலை வாங்கி, சிக்கலை எல்லாம் சுவீடன் கரையில் தீர்த்துக்கொண்டார்கள்.

காசு விஷயத்தில் சந்தேகம் அண்ணையின் கேள்வி நியாயமானது. ஓரசுண்டுக்கு வரிப்பணம் போடவில்லை. இரண்டு அரசும் பிணை நின்று கடன் எடுத்தார்கள், பாலத்தைப் பாவிக்கிறவர்கள் கட்டுகிற காசில்தான் அந்தக் கடன் இன்னமும் அடைகிறது. முதல் சில வருடம் எதிர்பார்த்த அளவுக்கு வாகனம் வரவும் இல்லை. மன்னார்ப் பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை லொறி போகும் என்று நம்பிக் கடன் கொடுப்பது?

கடலோடி கொழும்பு 15:
மணல் நகர்கிற கடல் அது. வாடைக் காற்றுக்கு ஒரு திட்டு, கச்சான் காற்றுக்கு ஒரு திட்டு. தூண் நட்டால் நீரோட்டம் எங்கே திரும்பும், மீன் எங்கே போகும் என்று மன்னார் ஆட்களைக் கேட்காமல் கொழும்பில் இருந்து படம் கீறக்கூடாது.

தெஹிவளை டீச்சர்:
அந்தச் சண்டை ஓரசுண்டிலும் நடந்திருக்கிறது. பால்டிக் கடலுக்கு உப்புத் தண்ணீரும் ஒட்சிசனும் உள்ளே போகிற சில வாசல்களில் இதுவும் ஒன்று. தூணும் தீவும் அதை மறித்தால் உள்ளே கடல் செத்துவிடும் என்று பெரிய எதிர்ப்பு. சுவீடன் சுற்றாடல் அமைச்சர் ஒலோப் யொகான்சன் 1994இல் இதற்காகவே பதவியை விட்டார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள்: கட்டி முடித்த பிறகு உள்ளே போகிற தண்ணீர் முன்னர் போன அளவே போகவேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. தூண்கள் மறிக்கிற அளவுக்கு ஈடாகக் கடலடியைத் தோண்டி ஆழமாக்கினார்கள். மன்னாரில் அப்படி ஒரு நிபந்தனையை யார் போடுவார்கள், யார் அளந்து பார்ப்பார்கள்? எனக்குப் பாலம் வேண்டாம் என்று இல்லை, இந்தக் கேள்விக்குப் பதில் வந்த பிறகு வரட்டும்.

பம்பலப்பிட்டி ராசா:
டீச்சர், இப்படியே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் என் பேரப்பிள்ளையும் விமானத்தில்தான் திருச்சிக்குப் போகவேண்டும். காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்கு 2023இல் கப்பல் விட்டார்கள், அதுவும் தொடங்கின வேகத்தில் மாதக்கணக்கில் நின்று பிறகுதான் திரும்பி வந்தது. கப்பலையே ஒழுங்காக ஓட்ட முடியாதவர்கள் பாலத்தை எங்கே கட்டுவது என்றால் அது வேறு, ஆனால் கடலைச் சாட்டாதீர்கள்.

மட்டுறுத்துநர்:
மன்னார் பாலத்துக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை பிடியுங்கள். தம்பி கேட்டது ஓரசுண்ட்.

ஹேர்னிங் அக்கா:
நல்ல வேளை சொன்னீர்கள். தம்பி, பாலத்தைப் பார்க்கவேண்டும் என்றால் கரைக்குத்தான் போகவேண்டும். மால்மோவில் இறங்கி சிபார்ப் கடற்கரைக்குப் பஸ்ஸில் போங்கள். புல்வெளி, குளிக்கிற இடம், பின்னேரம் ஆட்கள் இறைச்சி சுட்டுக்கொண்டு இருப்பார்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் முழுப் பாலமும் தெரியும். பாலம் நேர்கோடு இல்லை, லேசாக வளைந்து போகிறது, அந்த வளைவு கரையில் நின்றால்தான் விளங்கும். தூண்கள் இரண்டு சோடி, வீதிக்கு மேலே குறுக்குச் சட்டம் ஒன்றும் இல்லாமல் தனித்தனியாக நிற்கும், கேபிள்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இறங்கும். ஆடியில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரம் இல்லை.

அதற்கு முன்னர் விமானத்திலேயே ஒரு தரம் பார்த்துவிடலாம். கொப்பன்ஹேகனில் இறங்கும்போது சில வேளை அந்தப் பக்கத்தால் வரும். கடலில் நீளமாக வந்த வீதி தீவில் ஏறி அப்படியே தண்ணீருக்குள் காணாமல் போகும். உங்கள் அப்பாவுக்கு யன்னல் இருக்கையை எடுத்துக் கொடுங்கள்.

இந்தப் பாலம் எங்களுடைய ஆட்களின் வாழ்க்கையில் எப்படி வந்தது என்றும் சொல்லவேண்டும். 2002இல் டென்மார்க் சட்டத்தை இறுக்கியது, வெளிநாட்டில் இருந்து மாப்பிள்ளையோ பெண்ணோ கூப்பிடுவதென்றால் இருவருக்கும் 24 வயதாவது ஆகியிருக்கவேண்டும், அதற்கு மேலேயும் நிபந்தனைகள். டென்மார்க் குடியுரிமை உள்ள நிறையப் பிள்ளைகள், எல்லா நாட்டுப் பின்னணியும்தான், மால்மோவில் வீடு எடுத்துத் துணையைச் சுவீடனுக்குக் கூப்பிட்டு, தாங்கள் மட்டும் காலையில் ரயிலில் கொப்பன்ஹேகனுக்கு வேலைக்கு வந்து போனார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் அப்படித்தான் குடும்பம் நடத்தினான், கொழும்பில் பெண் எடுத்து மால்மோவில் குடியிருந்து டென்மார்க்கில் சம்பளம். பாலம் இல்லாவிட்டால் அந்தக் கலியாணம் நடந்திருக்குமா தெரியாது. வீட்டு வாடகை குறைவு என்றும் பலர் அந்தப் பக்கம் போனார்கள்.

சந்தேகப்பேர்வழி:
அப்படியென்றால் இந்தப் பாலத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நடந்து போகிற பாலம்தான் பாலம்.

கடலோடி கொழும்பு 15:
நடக்கவேண்டும் என்றால் கிரேக்கத்துக்குப் போங்கள். கொரிந்த் வளைகுடா வாயில் ரியோ அந்திரியோ பாலம், 2004 ஒகஸ்ட், ஒலிம்பிக்கோடு திறந்தது. நாலு தூண், நடுவே 560 மீற்றர் இடைவெளி மூன்று. ஓரத்தால் நடந்து போகலாம். கடல் 65 மீற்றர் ஆழம், அடியில் பாறையும் இல்லை, பூமியதிர்ச்சி வருகிற இடம் வேறு. அதனால் 90 மீற்றர் அகலமான அடித்தட்டைக் கடலடியில் பரப்பிய சரளைக் கல்லின் மேல் சும்மா வைத்திருக்கிறார்கள், பூமி ஆடினால் தூண் முறியாமல் கொஞ்சம் வழுக்கிப் போகட்டும் என்று. அதற்குக் கீழேயும் நான் போயிருக்கிறேன், பின்னால் மலை நிற்பதால் ஓரசுண்டை விட அதுதான் எனக்கு அழகு.

கொங்கிறீட் தம்பி:
அது வேறு லெவல், தனி இழை போடவேண்டிய விஷயம். தம்பியின் அப்பாவுக்கு நான் சொல்லக்கூடியது, நேரம் இருந்தால் போன வழியால் திரும்பாதீர்கள். மால்மோவில் இருந்து ரயிலில் வடக்கே ஹெல்சிங்போர்க் போய், அங்கிருந்து ஃபெரியில் ஹெல்சிங்கோர் வாருங்கள், கடல் அந்த இடத்தில் 4 கிலோமீற்றர்தான், 20 நிமிடம். பிறகு ரயிலில் கொப்பன்ஹேகன். பாலம் வர முன்னர் மனிதர் எப்படிக் கடந்தார்கள் என்று அந்த ஃபெரியில் தெரியும். இன்னமும் அது நிறைய ஓடுகிறது.

மரைன்டிரைவ் காற்று:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கார் வேண்டாம், ரயில்தான், போகும்போது வலப்பக்கம், சிபார்ப்பில் பின்னேரம், திரும்பும்போது ஃபெரி என்று அவரே முடிவு சொல்லிவிட்டார். மூழ்கடித்த பெட்டிகளுக்கு நடுவே மூட்டு எப்படிப் போட்டார்கள், தண்ணீர் எப்படிப் புகாது என்று கொங்கிறீட் தம்பியிடம் கேட்கச் சொன்னார்.

கொங்கிறீட் தம்பி:
ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் சுற்றி ஒரு தடித்த ரப்பர் வளையம். பக்கத்துப் பெட்டியோடு முட்டவைத்து நடுவில் சிக்கின தண்ணீரை வெளியே இறைத்தால், மறுமுனையில் கடலின் அழுத்தமே பெட்டியைத் தள்ளி ரப்பரை நசுக்கி மூடிவிடும். பிறகு உள்ளே இருந்து இரண்டாவது அடைப்பு. ஐயாவுக்கு என் வணக்கம்.

மரைன்டிரைவ் காற்று:
அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு இருக்கிறார். அம்மாவுக்குத்தான் பாலத்தில் ஒரு அக்கறையும் இல்லை. மால்மோவில் எங்களுடைய மரக்கறி வாங்கலாமா, அக்கா வீட்டுக்கு முருங்கைக்காய் கொண்டுபோக வேண்டுமாம்.

ஹேர்னிங் அக்கா:
மோலவாங்கன் சதுக்கத்தில் மரக்கறிச் சந்தை இருக்கிறது, சுற்றிவர ஆசியக் கடைகளும் உண்டு. முருங்கைக்காய் கிடைத்தால் எனக்கும் ஒரு கட்டு.